ஸ்டீயரிங் யார் கையில், பயணம் யாருடையது?

1988-இல் நடந்தது. எனக்கு எட்டு வயசு. எங்க சித்தப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ரெண்டு தடவை சென்னை பெரியமேட்டுக்குப் போய் மண்டிகளில் பாக்கி வசூல் பண்ணிக்கொண்டு வருவது அவர் வேலைகளில் ஒன்று. வழக்கமாக பஸ். அன்றைக்கு கம்பெனி ஜீப். டிரைவர் லீவு, அதனால் மேனேஜரே ஓட்டினார். திரும்பி வரும்போது காவேரிப்பாக்கம் தாண்டி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல், ஜீப் சாலையோரப் புளியமரத்தில் மோதியது. மேனேஜருக்கு நெற்றியில் தையல். சித்தப்பாவுக்கு வலது கால் ரெண்டு இடத்தில் முறிவு.

முதலாளி நேரில் வந்து பார்த்தார். ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்தார். கெட்டவர் இல்லை. ஆனால் பாட்டி கேட்டபோது அவர் சொன்னது வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்: "வண்டியை ஓட்டச் சொன்னது நான் இல்லையேம்மா. அவரா எடுத்து ஓட்டினதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அந்தப் பதிலை எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஓட்டினது மேனேஜர், அப்போ தப்பு மேனேஜருடையது. "அவர் மேல கேஸ் போடறதா? அவரும் பிள்ளைகுட்டிக்காரர்" என்று சித்தப்பா அதோடு விட்டுவிட்டார். பிறகு தோல் ஷாப்பில் நின்று வேலை பார்க்க முடியாமல், ஒரு மளிகைக் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார். கடைசி வரைக்கும் கால் தாங்கித்தான் நடந்தார்.

பாலாறு வழக்கைப் பற்றி எழுதலாம் என்று ரெண்டு வருஷம் முன்பு குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வழியில் சம்பந்தமே இல்லாத ஒரு பழைய தீர்ப்பு கண்ணில் பட்டது. மேனேஜர் ஓட்டிய கம்பெனி கார், கூட ஒரு ஆள், சாலையோர மரம். தீர்ப்பு வந்த வருஷம் 1977. சித்தப்பா கால் உடைவதற்கு 11 வருஷம் முன்பு! படித்துவிட்டு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேடியதில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

நமக்குப் பழகிய நியாயம்

வண்டி மோதியது என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மனுநீதிச் சோழன் கதை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலேயே அவருக்குச் சிலை இருக்கிறது. இளவரசன் தேரில் கன்று அடிபட்டுச் செத்தது, அதனால் இளவரசன் உயிர் போக வேண்டும். செய்தவன் யாரோ அவனுக்குத் தண்டனை.

இந்தக் கணக்கு குற்றவியல் சட்டத்துக்குச் சரி. இன்றும் கவனக்குறைவாக ஓட்டி ஆளைக் கொன்றால் எஃப்.ஐ.ஆர். டிரைவர் மேல்தான். ஜெயிலுக்கு முதலாளி போவதில்லை. ஆனால் கன்றை இழந்த பசுவுக்கு என்ன கிடைத்தது? பெரியபுராணத்தில் சிவபெருமானே வந்து எல்லாரையும் எழுப்பித் தருகிறார். நம் நெடுஞ்சாலையில் அப்படி யாரும் வருவதில்லை. அடிபட்டவருக்குப் பணம் வேண்டும், டிரைவரிடம் பணம் இல்லை. இந்த இடத்தில்தான் சட்டம் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டது. ஓட்டியது யார் என்பதோடு, அந்தப் பயணம் யாருடைய வேலைக்காக என்ற கேள்வி.

லண்டன், 1834: ஊர் சுற்றப் போன வண்டி

சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் படிக்கும் வழக்கு ஜோயல் எதிர் மோரிசன். லண்டனில் பிஷப்ஸ்கேட் தெருவைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் மேல் குதிரை வண்டி மோதி, கால் முறிந்துவிட்டது. வண்டிக்குச் சொந்தக்காரர் சொன்ன வாதம் இது: "என் வண்டி அன்றைக்குப் போக வேண்டிய இடம் ஃபின்ச்லி. பிஷப்ஸ்கேட் அந்த வழியிலேயே இல்லை. ஆட்கள் யாரையோ பார்க்க வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் எப்படிப் பொறுப்பு?"

நீதிபதி பார்க் ஜூரிக்கு ஒரு அளவுகோல் கொடுத்தார். முதலாளி வேலையாகப் போகிறவன், போகிற வழியில் கொஞ்சம் சுற்றிப் போனாலும் அது முதலாளியின் பயணம்தான். முதலாளி வேலை எதுவுமே இல்லாமல், தன் இஷ்டத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டால் அது அவன் சொந்தப் பயணம், முதலாளிக்குப் பொறுப்பு இல்லை. ஜூரி அடிபட்டவர் பக்கம் நின்று 30 பவுண்டு கொடுக்கச் சொன்னது.

சுற்றுவழியா, ஊர் சுற்றலா? கிட்டத்தட்ட 200 வருஷமாக நீதிமன்றங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

மூன்றே வருஷத்தில் ஒரு பின்வாங்கல்

தெருவில் போனவருக்குக் கிடைத்த நியாயம், வண்டிக்குள் இருந்த தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. 1837-இல் பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் வழக்கு. ஒரு கசாப்புக் கடைக்காரர் தன் ஆளை இறைச்சி வண்டியில் சரக்கோடு அனுப்பினார். அளவுக்கு மீறிய பாரம். வண்டி உடைந்து அந்த ஆளின் தொடை முறிந்தது. ஜூரி 100 பவுண்டு கொடுத்தது. மேல் நீதிமன்றத்தில் லார்ட் அபிங்கர் அதை ரத்து செய்தார். இதை அனுமதித்தால் முதலாளிகளின் பொறுப்புக்கு எல்லையே இருக்காது, ஆபத்து தெரிந்தால் வேலைக்காரன் அந்த வண்டியில் ஏற மறுத்திருக்கலாமே என்பது அவர் வாதம்.

இதிலிருந்து வளர்ந்ததுதான் 'பொது வேலை'க் கோட்பாடு. சக தொழிலாளியின் கவனக்குறைவால் உனக்கு அடிபட்டால் முதலாளியைக் கேட்காதே, அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் நீ வேலைக்கே வந்தாய் என்று அது சொன்னது. இங்கிலாந்தில் இதை முழுசாக ஒழிக்க 1948 ஆனது. இந்தியாவில் 1938-இல் வந்த முதலாளிகள் பொறுப்புச் சட்டமும் 1951-இல் அதற்குச் செய்த திருத்தமும் இதன் பல்லைப் பிடுங்கின. ஆனால் சட்டப் புத்தகத்தில் செத்துப்போன கோட்பாடு மனுஷங்க மனசில் சாவதில்லை. "அவரும் நம்மள மாதிரி வேலைக்காரர்தானே" என்று சித்தப்பா விட்டுக்கொடுத்தபோது, அவருக்கே தெரியாமல் லார்ட் அபிங்கர் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி அரசாங்கமே ஆனால்?

1861-இல் கல்கத்தாவில் ஒரு வேடிக்கையான வழக்கு. கிதர்பூர் கப்பல் பட்டறையில் அரசாங்க ஆட்கள் ஒரு பெரிய இரும்புப் பாகத்தைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். எதிரே குதிரை வண்டி வருவதைப் பார்த்து, சாலை நடுவிலேயே சத்தத்தோடு போட்டுவிட்டார்கள். மிரண்ட குதிரைக்கு அடி. வண்டிக்காரக் கம்பெனி கேட்டது 350 ரூபாய். இப்படிப்பட்ட வேலையில் அரசாங்கமும் மற்ற முதலாளிகளைப் போலத்தான் என்று தீர்ப்பானது.

சுதந்திரத்துக்குப் பிறகு அதே கேள்வி உதய்பூரில் வந்தது. 1952 பிப்ரவரி. கலெக்டரின் உபயோகத்துக்கான ஜீப் ரிப்பேர் முடிந்து பட்டறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. நடைபாதையில் நடந்து போன ஒருவர் மேல் மோதியது, மூன்று நாளில் இறந்துபோனார். மனைவியும் மூன்று வயசுப் பெண் குழந்தையும் வழக்குப் போட்டார்கள். அரசாங்கத்துக்கு இதில் பொறுப்பு கிடையாது என்று ராஜஸ்தான் அரசு வாதாடியது. 1962-இல் ராஜஸ்தான் அரசு எதிர் வித்யாவதி வழக்கில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 15,000 ரூபாய் இழப்பீடு நிலைத்தது. கவனிங்க, ஜீப்பில் கலெக்டரே இல்லை. காலி வண்டி. இருந்தாலும் பட்டறையிலிருந்து திரும்புவதும் வேலையில் சேர்ந்ததுதான்.

பாண்டுர்ணா சாலையில் ஒரு மரம்

இனி என்னைத் தூங்கவிடாத அந்தத் தீர்ப்பு. புஷ்பாபாய் புருஷோத்தம் உதேஷி எதிர் ரஞ்சித் ஜின்னிங் அண்ட் பிரஸ்ஸிங் கம்பெனி.

1960 டிசம்பர் 18. நாக்பூரிலிருந்து பாண்டுர்ணாவுக்கு ஒரு பஞ்சு ஆலைக் கம்பெனியின் கார் போகிறது. ஓட்டுவது மேனேஜர். கூட ஒருவர் பயணம் செய்கிறார். கார் சாலையின் தவறான பக்கத்துக்குப் போய் ஒரு மரத்தில் மோதுகிறது. மோதிய வேகத்தில் மரமே பெயர்ந்துவிட்டது, எஞ்சின் இருந்த இடத்தை விட்டுப் பின்னுக்கு வந்துவிட்டது. கூடப் போனவர் இறந்துபோனார். மனைவியும் பிள்ளைகளும் இழப்பீடு கேட்டார்கள்.

விபத்துத் தீர்ப்பாயம் கொடுத்தது, மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அது சொன்ன ரெண்டு காரணங்களும் முக்கியம். ஒன்று, மேனேஜர் கவனக்குறைவாக ஓட்டினார் என்பதற்குச் சாட்சி இல்லை. ரெண்டு, அவரை ஏற்றிக்கொண்டு போனது மேனேஜரின் சொந்த விஷயம், கம்பெனி வேலை இல்லை.

1977 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ரெண்டையும் மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி.எஸ். கைலாசம். நம்ம ஊர்க்காரர். அதற்கு முந்தின வருஷம்தான் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார். கவிஞர் சௌந்தரா கைலாசத்தின் கணவர் என்றால் இன்னும் பலருக்குத் தெரியும்.

முதல் கேள்விக்கு அவர் பதில் எளிமையானது. நல்ல சாலையில் போகிற கார் தவறான பக்கம் போய் மரத்தைப் பெயர்க்கிறது என்றால் அந்த நிகழ்வே பேசுகிறது. கவனமாகத்தான் ஓட்டினார் என்று காட்டுவது இனி எதிர்த்தரப்பின் வேலை. ரெண்டாவது கேள்விக்கு: கார் கம்பெனியுடையது, ஓட்டியது கம்பெனியின் மேனேஜர். அப்படியென்றால் கம்பெனி வேலையாகத்தான் போனார் என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்வதானால் கம்பெனிதான் சாட்சி கொண்டுவர வேண்டும். கம்பெனி கொண்டுவரவில்லை. மேனேஜர் என்ற பொறுப்பில் இருப்பவர் ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டால், அதுவும் அவருடைய அதிகாரத்துக்குள் அடங்கியதுதான்.

கம்பெனி பொறுப்பு என்று முடிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசியில் எழுதியிருந்த 15,000 ரூபாய் வரைக்கும்தான் கொடுக்க வேண்டியிருந்தது, மீதி முதலாளி தலையில்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 'யார் நிரூபிக்க வேண்டும்' என்ற இடம். "நான் ஓட்டச் சொல்லவில்லையே" என்று முதலாளி சொன்னால் மட்டும் போதாது. சித்தப்பா விஷயத்தில் அதைச் சொல்லியும் பிரயோஜனம் இருந்திருக்காது. ஜீப் கம்பெனியுடையது, போனது கம்பெனி பாக்கியை வசூலிக்க. முதலாளி ஓட்டச் சொன்னாரா என்பது கேள்வியே இல்லை. மென்பொருள் வேலையில் இருக்கிற எனக்கு இது புதுசும் இல்லை. எங்கள் டீமில் ஒரு பையன் தப்பாகக் கோட் போட்டு வாடிக்கையாளருக்கு நஷ்டமானால், வாடிக்கையாளர் கம்பெனியைத்தான் கேட்பார், பையன் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்.

சொந்த வண்டியில் போனால்?

வண்டி கம்பெனியுடையது என்பதால்தானே இவ்வளவும்? இதற்குப் பதில் 1989-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கொடுத்தது. ஸ்மித் எதிர் ஸ்டேஜஸ் வழக்கு. ரெண்டு தொழிலாளிகளை ஒரு மின்நிலையத்திலிருந்து தூரத்தில் பெம்ப்ரோக் என்ற ஊரில் இருந்த இன்னொன்றுக்கு அவசர வேலைக்கு அனுப்பினார்கள். போக, வர ஆகும் நேரத்துக்குச் சம்பளம், கூடவே ரயில் கட்டணம். எப்படிப் போக வேண்டும் என்று கம்பெனி சொல்லவில்லை. அவர்கள் ஒருவருடைய சொந்தக் காரில் போனார்கள். ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு, தூங்காமல் திரும்பும்போது கார் சுவரில் மோதியது. காருக்கு இன்சூரன்ஸ்கூட இல்லை.

கம்பெனி பொறுப்பு என்றுதான் தீர்ப்பு. வீட்டிலிருந்து தினமும் வேலைக்குப் போய் வருவது பொதுவாக அவரவர் பயணம். ஆனால் பயண நேரத்துக்கும் சம்பளம் கொடுத்து ஒருவரை வேறு ஊருக்கு அனுப்பினால், அந்த நேரம் முதலாளியுடைய நேரம். வண்டி யாருடையது என்பது ரெண்டாம் பட்சம். இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பைக்கில் சாம்பிள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ராணிப்பேட்டைக்கும் பேரணாம்பட்டுக்கும் ஓடும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வரும்.

காலை ஏழு மணி, ஆம்பூர்

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். காலை ஏழு மணிக்கு ஆம்பூரில் நெடுஞ்சாலை ஓரம் நின்று பாருங்க. மாதனூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம் பக்கக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன்களும் பஸ்களும் வந்துகொண்டே இருக்கும். மீதிப் பேர் ஷேர் ஆட்டோ, சைக்கிள், நடை. 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இவர்களைத் தாண்டி கன்டெய்னர் லாரிகள் சென்னைத் துறைமுகத்துக்குப் பறக்கும்.

வேனுக்குள் இருப்பவர்களுக்குச் சட்டம் ஓரளவு தெளிவு. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வரும்போது அடிபட்டால் அதை வேலையில் பட்ட காயமாக எடுத்துக்கொள்ள இ.எஸ்.ஐ. சட்டத்தில் 1966-லேயே வழி செய்துவிட்டார்கள். சைக்கிளில் வந்தவர்கள் கதிதான் மோசம். கேரளாவில் 1971-இல் பிரான்சிஸ் டி கோஸ்டா என்ற தொழிலாளி நாலரை மணி ஷிஃப்டுக்கு நாலேகாலுக்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ஃபேக்டரிக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அவரை ஒரு லாரி மோதியது. அந்த லாரி அவருடைய முதலாளியின் லாரியேதான்! ஆனாலும் இது வேலையில் பட்ட காயம் இல்லை, வேலைக்கு வரும் வழியில் பட்டது என்று 1996-இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தித்தான், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே நடக்கும் விபத்தைச் சேர்த்தார்கள். 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி வழக்கில், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே அர்த்தம்தான் என்று சொன்னது.

அடுத்த சிக்கல்: வேன் கம்பெனியுடையதே இல்லை. கான்ட்ராக்ட். விபத்து நடந்தால் "அது டிராவல்ஸ்காரர் வண்டிங்க" என்பார்கள். 1988-இல் எங்கள் பாட்டி கேட்ட பதிலின் புது வடிவம். இதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ராஜஸ்தான் போக்குவரத்துக் கழகம் தனியார் பஸ்ஸை டிரைவரோடு வாடகைக்கு எடுத்து ஓட்டியது. வெள்ளத்தில் இறக்கி விபத்து. டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பது பஸ் ஓனர் என்று கழகம் வாதாடியது. 1997-இல் உச்சநீதிமன்றம் பார்த்தது, அந்த நேரத்தில் டிரைவர் யார் சொல்படி நடந்தார் என்பதைத்தான். கட்டுப்பாடு கழகத்திடம் இருந்தது, அதனால் கழகம் பொறுப்பு. எல்லாக் கான்ட்ராக்ட் வேனுக்கும் இது அப்படியே பொருந்திவிடாது. எந்த நேரத்துக்கு, எந்த வழியில், எத்தனை பேரை ஏற்றுவது என்று முடிவு செய்தது யார் என்பதைப் பொறுத்தது. ஆனால் வாடகை ரசீதைக் காட்டினால் மட்டும் தப்பிவிட முடியாது.

லாபம் யாருக்கோ, சுமையும் அவருக்கு

நான் முதலில் தேடிப்போன பாலாறு வழக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். யோசித்தால் இருக்கிறது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்சநீதிமன்றம், தோல் ஷாப்புகளின் கழிவால் கெட்டுப்போன நிலத்துக்கும் நீருக்கும் கெடுத்தவரே பணம் கட்ட வேண்டும் என்றது. தொழிலின் லாபம் உள்ளே, நஷ்டம் மட்டும் ஆற்றில் என்று பிரிக்க முடியாது. ஜீப்புக்கும் அதே நியாயம்தான். பெரியமேட்டில் வசூலான பாக்கி கம்பெனி கல்லாவுக்குப் போகும், வழியில் உடைந்த கால் மட்டும் சித்தப்பாவுக்கு என்று பிரிக்க முடியாது.

அன்றைக்கு வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பாரா? மேனேஜர் தூங்கிவிட்டாரா, பாலிசியில் என்ன எழுதியிருந்தது என்று எவ்வளவோ கேள்விகள் வந்திருக்கும். ஆனால் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. அப்போதிருந்த 1939 மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்கு ஆறு மாத அவகாசம். அந்த ஆறு மாதமும் அவர் கட்டிலில் படுத்து, மேனேஜரின் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நடுவில் எடுத்துவிட்டிருந்த அந்த ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரலிலிருந்து மறுபடி சட்டத்தில் வந்திருக்கிறது. தெரிந்தவர்கள் யாருக்காவது இப்படி நடந்தால், முதல் மாதத்திலேயே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்க.

முதலாளி சொன்னது பொய் இல்லை. அவர் ஓட்டச் சொல்லவில்லை. மேனேஜரும் நல்லவர், ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வருவார் என்று சித்தி சொல்வார். மேனேஜரை வழக்கில் இழுப்பதா என்றுதான் சித்தப்பா தயங்கினார். பணம் கொடுக்க வேண்டியது மேனேஜர் இல்லை, கம்பெனி என்று யாராவது ஒரு ஆள் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும்.